பிரேக் போட்டும் நிற்காத பஸ்

கனடாவின் மான்ட்ரியல் நகரத்தின் நடுவில் பீவர் ஹால் என்று ஒரு சரிவுச் சாலை உண்டு. இருபுறமும் அலுவலகக் கட்டடங்கள். பஸ்ஸும் காரும் நாள் முழுக்க ஏறி இறங்கும். பார்ப்பதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லாத சாலை. 2016 டிசம்பர் 5 காலை, வெண்பனி பொழிந்துகொண்டிருந்தபோது, ஒரு கட்டடத்தின் ஜன்னலிலிருந்து கீழே பார்த்த ஒருவர் தன் கண்ணை நம்பாமல் படம் பிடிக்க ஆரம்பித்தார். அந்தப் படத்தைப் பிறகு உலகமெங்கும் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு பெரிய நகரப் பேருந்து மேலேயிருந்து வருகிறது. ஓடி வரவில்லை, வழுக்கி வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே, நாம் நடக்கிற வேகத்தில் இறங்குகிறது. கீழே ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நிற்கும் வண்டிகள்மீது மெல்ல இடிக்கிறது. அதற்குப் பின்னால் இன்னொரு பஸ், ஒரு பிக்கப் வண்டி, சில கார்கள் என்று ஒவ்வொன்றாக அதே மாதிரி வழுக்கி வந்து சேர்கின்றன. ஒரு போலீஸ் கார் வருகிறது, அதுவும் வழுக்குகிறது. சரி, இனி யாராவது வந்து காப்பாற்ற வேண்டுமே என்று நினைக்கும்போது, சாலையில் கிடக்கும் பனியை வழித்துத் தள்ளுவதற்கென்றே இருக்கும் ராட்சத வண்டி வருகிறது. அதுவும் வழுக்கிக்கொண்டு வந்து அந்தக் கும்பலில் சேர்ந்துவிடுகிறது!

நல்லவேளையாக யாருக்கும் பெரிய காயம் இல்லை. அதனால் நாமும் மனம் விட்டுச் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி வரவேண்டும். அந்த ஓட்டுநர்கள் பிரேக் போட்டிருப்பார்கள்தானே? பிரேக் போட்ட பிறகும் பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள பஸ் எப்படி நகர்ந்துகொண்டே இருந்தது?

ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது இதை நாம் யோசிப்பதே இல்லை. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். சக்கரம் சுற்றுவதைப் பிரேக் தடுக்கும்போது, டயரின் ரப்பரும் சாலையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடிதான் உராய்வு. வண்டியை நிறுத்துவது அந்தப் பிடி, அதாவது சாலை. மான்ட்ரியலில் அன்றைக்குப் பிரேக்குகள் எல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. சாலைதான் தன் வேலையைச் செய்யவில்லை.

இந்தப் பிடி எவ்வளவு என்பதைச் சொல்ல விஞ்ஞானிகள் ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு உராய்வுக் குணகம் என்று பெயர். மேல்வகுப்புப் பாடப் புத்தகத்தில் வரும். காய்ந்த தார்ச் சாலையில் ரப்பர் டயருக்கு அது சுமார் 0.7. பனிக்கட்டி படிந்த சாலையில் சுமார் 0.1. ஈரமான பனிக்கட்டி என்றால் இன்னும் குறைவு. இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போகும் கார், காய்ந்த சாலையில் பிரேக் போட்டால் ஏறக்குறைய 5 மீட்டரில் நின்றுவிடும். அதே கார், அதே வேகம், அதே பிரேக், பனிக்கட்டிச் சாலை என்றால் 35 மீட்டர் போய்த்தான் நிற்கும். மூன்று பஸ்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ கிட்டத்தட்ட அவ்வளவு.

இது சமதளத்தில். சரிவில் நிலைமை இன்னும் மோசம். 10 மீட்டர் தூரம் போவதற்குள் 1 மீட்டர் கீழே இறங்கும் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-ஐ 10-ஆல் வகுத்தால் 0.1. அந்தச் சாலையில் உராய்வுக் குணகமும் 0.1 என்றால், புவியீர்ப்பு வண்டியைக் கீழே இழுக்கும் விசையும், சாலை பிடித்து நிறுத்தும் விசையும் சரிக்குச் சரி. வழுக்க ஆரம்பித்த வண்டி நிற்கவே நிற்காது, எதிலாவது முட்டும்வரை. பஸ் கனமாக இருக்கிறதே, அது அழுந்திப் பிடித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கனமான வண்டி சாலையை அதிகமாக அழுத்துகிறது, அதனால் பிடியும் அதிகம். ஆனால் கீழே இழுக்கும் விசையும் அதே அளவுக்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே கூடுவதால் எடையால் ஒரு லாபமும் இல்லை. பஸ்ஸுக்கும் காருக்கும் பனி வழிக்கும் வண்டிக்கும் ஒரே கதி என்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. நிற்கும் பொருளை அசைப்பதுதான் கடினம். அசைந்துவிட்டால் பிறகு உராய்வு சற்றுக் குறைந்துவிடும். வீட்டில் அலமாரியைத் தள்ளும்போது முதல் தள்ளலுக்குத்தான் அதிக பலம் வேண்டியிருக்கிறது, கவனித்திருப்பீர்கள். சரிவில் எப்படியோ நின்றுவிட்ட ஒரு காரைப் பின்னால் வந்த பஸ் லேசாகத் தொட்டாலும் போதும், அதுவும் கிளம்பிவிடும்.

உங்கள் வீட்டிலேயே இந்தக் குணகத்தை அளந்து பார்க்கலாம். ஒரு வழவழப்பான பலகை அல்லது பெரிய அட்டையை மேசைமேல் வைத்து, அதன்மேல் அழிரப்பரை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கிக்கொண்டே வாருங்கள். அழிரப்பர் எப்போது நழுவுகிறதோ அப்போது நிறுத்தி, தூக்கிய முனையின் உயரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். அந்த முனைக்கு நேர் கீழே மேசையில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து பலகையின் மறுமுனைவரை உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதே அழிரப்பருக்கும் பலகைக்கும் உள்ள உராய்வுக் குணகம். பிறகு அழிரப்பரை எடுத்துவிட்டு ஒரு ஐஸ் கட்டியை வையுங்கள். பலகையைத் தூக்குவதற்குள்ளேயே அது ஓடப் பார்க்கும்.

மான்ட்ரியல்காரர்களுக்குப் பனி புதிதா என்ன? ஒரு குளிர்காலத்தில் அங்கே பொழியும் வெண்பனியை எல்லாம் சேர்த்தால் சுமார் 2 மீட்டர் உயரம் இருக்கும், வாசற்கதவின் உயரம். அந்த நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தில், குளிர்காலத்துக்கென்று தனி டயர் போட வேண்டும் என்று கார்களுக்குச் சட்டமே உண்டு. சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது விறைத்துப்போகும். விறைத்த ரப்பரால் சாலையின் மேடுபள்ளத்தில் படிந்து பற்ற முடியாது. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். 2016-ல் இந்தச் சட்டம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 15-ல்தான் அமலுக்கு வரும். சம்பவம் நடந்தது டிசம்பர் 5. பனி, சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டா பொழியும்? பிறகு 2019-ல் அந்தத் தேதியை டிசம்பர் 1 என்று முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள்.

புதிதாக விழுந்த வெண்பனி அவ்வளவாக வழுக்காது. அதற்குள் நிறையக் காற்று இருக்கும், கால் வைத்தால் புதையும். வண்டிகள் அதன்மேல் ஏறி ஏறி அழுத்தும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. சுற்றும் சக்கரத்தின் சூட்டில் மேல்பகுதி சற்று உருகி மறுபடி உறைந்தால், சாலை கண்ணாடித் தகடு ஆகிவிடும். ஒவ்வொரு வண்டியும் அடுத்த வண்டிக்காகச் சாலையை மெருகேற்றிவிட்டுப் போகிறது.

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? அதுவும் ஒரு திடப்பொருள்தானே! கண்ணாடியும் வழவழப்புத்தான், ஆனால் காய்ந்த கண்ணாடித் தரையில் நிற்க முடிகிறது. பனிக்கட்டிமேல் மட்டும் ஏன் முடியவில்லை? எளிய கேள்வி மாதிரி தோன்றும். விஞ்ஞானிகள் இதோடு நூற்றைம்பது வருஷங்களுக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் கதைகளில் இதுவும் ஒன்று.

1849-ல் ஜேம்ஸ் தாம்சன் என்ற பொறியாளர் ஒரு விஷயத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னார். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. ஆகவே பனிக்கட்டியை அழுத்தினால், அது சின்ன இடத்தில் அடங்குவதற்காகத் தண்ணீராக மாறப் பார்க்கும். அதாவது, அழுத்தினால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் பனிக்கட்டி உருகும். இது உண்மை, சோதனையிலும் நிரூபித்துவிட்டார்கள். 1886-ல் டப்ளின் நகரைச் சேர்ந்த ஜான் ஜோலி இதைப் பனிச்சறுக்குக் காலணிக்குப் பொருத்தினார். காலணியின் மெல்லிய இரும்புத் தகடு பனியை அழுத்துகிறது, பனி உருகித் தண்ணீராகிறது, தண்ணீர் வழுக்குகிறது. எவ்வளவு அழகான விளக்கம்! வெகுகாலம் பாடப் புத்தகங்களில் இதுதான் இருந்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி குறைந்த வெப்பநிலையில் பனிக்கட்டியை உருக்க வேண்டுமானால், நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 135 மடங்கு அழுத்தம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நின்றாலும் அவருடைய சாதாரணக் காலணி தரும் அழுத்தம் காற்றழுத்தத்தில் பாதிக்கு மேல் இருக்காது. உருகுநிலை ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்குகூடக் குறையாது. பஸ் டயரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனால் மைனஸ் 5 டிகிரியிலும் மைனஸ் 10 டிகிரியிலும் மனிதர்கள் ஜோராக வழுக்கி விழுகிறார்களே! அழுத்தம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

1939-ல் பவுடன், ஹியூஸ் என்ற இருவர் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் மலைக் கணவாயில், பனிக்குள் குடைந்த குகையில் உட்கார்ந்து சோதனை செய்தார்கள். உரசும்போது சூடு பிறக்கிறது அல்லவா, அந்தச் சூடுதான் பனியை உருக்கி வழுக்க வைக்கிறது என்பது அவர்கள் முடிவு. வேகமாகச் சறுக்குகிறவர்களுக்கு இது பொருந்தும். சும்மா நிற்கிறவர் எதை உரசுகிறார்? அவரும்தான் வழுக்கி விழுகிறார்.

உண்மையின் பக்கத்தில் முதலில் போனவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி அவர் கண்டுபிடித்தவற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். 1850-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பேசும்போது அவர் ஒரு சின்ன விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். இரண்டு ஐஸ் கட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துவைத்தால் அவை ஒட்டிக்கொள்கின்றன. ஏன் ஒட்டவேண்டும்? பனிக்கட்டி உருகாத நிலையிலும் அதன் மேற்பரப்பில் மட்டும் தண்ணீர் போன்ற மெல்லிய படலம் எப்போதும் இருக்கிறது, இரண்டு கட்டிகள் சேரும்போது நடுவில் அகப்பட்ட படலம் உறைந்து பசையாகிவிடுகிறது என்று அவர் நினைத்தார். நுண்ணோக்கியில்கூடத் தெரியாத ஒரு படலத்தை, ஐஸ் கட்டிகள் ஒட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் யோசித்துப் பிடித்திருக்கிறார். அந்தக் காலத்தில் பலர் அதை ஏற்கவில்லை. அழுத்தக் கொள்கைதான் வென்றது. ஃபாரடே இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, எக்ஸ் கதிர் போன்ற கருவிகள் வந்த பிறகு அவர் சொன்ன படலம் இருப்பது உறுதியானது.

அது எப்படி உண்டாகிறது? பனிக்கட்டிக்குள்ளே ஒவ்வொரு நீர் மூலக்கூறையும் சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகள் பிடித்து வைத்திருக்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு மேலே பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. அதனால் அது தளர்வாக இருக்கிறது. இடம் மாறுகிறது, உருள்கிறது. சிமெண்டுத் தரையில் கொட்டிய கேழ்வரகின்மேல் கால் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் பனிக்கட்டிமேலும் நடக்கிறது. என்ன, அந்தப் படலத்தின் தடிமன் உங்கள் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

குளிர் கூடக்கூட இந்த மூலக்கூறுகளின் ஆட்டம் அடங்கிவிடும். அப்படியானால் மிகமிகக் குளிர்ந்த பனி வழுக்கக் கூடாதே? ஆமாம், வழுக்காது! 1911-ல் அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்ட் என்ற மூன்று பேர் பென்குயின் முட்டைகளைத் தேடி இருட்டில் நடந்து போனார்கள். மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போன குளிர். பனிமேல் வழுக்கிக்கொண்டு வரவேண்டிய அவர்களுடைய சறுக்கு வண்டிகள் மணலில் இழுப்பதுபோல் இழுபட்டன. இரண்டு வண்டிகளை ஒன்றாக இழுக்க முடியாமல், ஒன்றை இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி நடந்து வந்து மற்றதை இழுத்தார்கள். ஒரு கிலோமீட்டர் முன்னேற மூன்று கிலோமீட்டர் நடை.

2018-ல் ஆம்ஸ்டர்டாமிலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலும் உள்ள ஆய்வாளர்கள் இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். எஃகு போன்ற கடினமான பொருள் பனிக்கட்டியில் மிக எளிதாகச் சறுக்குவது மைனஸ் 7 டிகிரியை ஒட்டித்தான். அதைவிடக் குளிர்ந்தால் மூலக்கூறுகள் உருள்வது குறைகிறது. அதைவிடச் சூடானால் பனிக்கட்டி இளகி, எஃகு அதைக் கீறிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. சறுக்கு விளையாட்டு அரங்குகளில் பனித்தளத்தை ஏறக்குறைய இந்தக் குளிரில்தான் வைத்திருக்கிறார்கள். ரப்பர் டயருக்கும் காலணிக்கும் நிலைமை வேறு. பூஜ்யம் டிகிரிக்கு அருகே, பனிக்கட்டிமேல் தண்ணீரும் நிற்கும்போதுதான் அவை மிக அதிகமாக வழுக்கும். ஆகவே கனடாவில் நடுங்க வைக்கும் ஜனவரிக் குளிரைவிட, உருகலாமா உறையலாமா என்று தடுமாறும் டிசம்பர் நாள்தான் சாலைக்கு ஆபத்து.

சரி, என்னதான் செய்வது? உப்புப் போடுகிறார்கள். நம் சமையலறையில் இருக்கும் அதே சோடியம் குளோரைடுதான், கல் உப்பாக, லாரி லாரியாக. உப்புக் கரைந்த தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு உறைநிலை இறங்கும். மைனஸ் 21 டிகிரிவரை இறக்கலாம். சாலையில் நடைமுறையில் அவ்வளவு தூரம் போக முடியாது. குளிர் மிகவும் கடுமையான நாட்களில் உப்புக் கரைவதற்கு நேரமாகும் என்பதால், மான்ட்ரியலில் பொடிக் கல்லைத் தூவுகிறார்கள். அது எதையும் உருக்குவதில்லை. டயருக்கும் காலணிக்கும் பற்றிக்கொள்ள ஒரு சொரசொரப்பைத் தருகிறது, அவ்வளவுதான்.

நடப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நாம் சாதாரணமாக நடக்கும்போது காலைச் சாய்வாக முன்னால் நீட்டி, குதிகாலை முதலில் ஊன்றுகிறோம். அப்படிச் சாய்ந்த கால் முன்பக்கமாக நழுவாமல் இருக்க உராய்வுக் குணகம் சுமார் 0.2 வேண்டும். பனிக்கட்டியில் அதில் பாதிதான் கிடைக்கிறது. கிடைப்பதற்குத் தக்கபடி காலின் சாய்வைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே குட்டிக் குட்டி அடியாக, பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி, உடம்பின் எடை முன்காலின்மேல் இருக்கும்படி நடக்க வேண்டும். பென்குயின் நடக்கும் விதம் அதேதான். குளிர்நாடுகளில் எலும்பு மருத்துவர்களே பென்குயின் மாதிரி நடக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கைகளைச் சட்டைப்பைக்குள் விடக்கூடாது. விழப்போனால் சமாளிக்கக் கை வேண்டும்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் இன்னொரு வழக்கம் இருந்தது. அது செங்குத்தான தெருக்கள் நிறைந்த ஊர். உறைபனி நாட்களில் சிலர் காலுறையைக் காலணிக்கு மேலே மாட்டிக்கொண்டு நடப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பலன் உண்டா? ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்தார்கள். பனி படிந்த சரிவில் நடந்து வந்தவர்களில் சிலருக்கு மட்டும் காலுறை கொடுத்து மாட்டச் சொன்னார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். மேலே காலுறை மாட்டியவர்களுக்கு வழுக்கல் குறைவாக இருந்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசு, 2010-ல் இயற்பியலுக்காக அவர்களுக்குக் கிடைத்தது. கேலிப் பரிசு என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். தெருவில் எல்லாரும் சிரித்துவிட்டுப் போகும் ஒன்றை நின்று அளந்து பார்த்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கடைசியாக, ஃபாரடே செய்ததை நீங்களும் செய்யலாம். ஃப்ரீசரிலிருந்து இரண்டு ஐஸ் கட்டிகளை எடுத்து, மேற்பரப்பு லேசாக ஈரமானதும், தட்டையான பக்கங்கள் ஒட்டும்படி சேர்த்து அரை நிமிடம் பிடியுங்கள். பிறகு ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். மற்றதும் கூடவே வரும். அடுத்து ஒரு நூலை நனைத்து இன்னொரு ஐஸ் கட்டிமேல் படுக்க வைத்து, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி இரண்டு நிமிடம் காத்திருங்கள். உப்புப் பட்ட இடம் முதலில் உருகும், உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும், அதனால் நூலைச் சுற்றியுள்ள தண்ணீர் மறுபடி உறைந்து நூலைக் கவ்விக்கொள்ளும். நூலைத் தூக்கினால் கட்டியும் தொங்கும். வராவிட்டால் உப்பைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் உப்பு அதிகமானதுதான் காரணமாக இருக்கும்.